வயதான நாயின் வாய் நாற்றத்துக்குப் புதினா மருந்தல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் செல்லப் பிராணிகள் பகுதியில் வெளியான ஒரு கேள்வி-பதில் பற்றி எழுதுகிறோம். பதினொரு வயதுப் பொமரேனியனுக்கு வாய் நாற்றம் தாங்கவில்லை, பக்கத்தில் உட்கார முடியவில்லை என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். வயதானால் நாய்க்கு வாய் நாறத்தான் செய்யும், தயிர்ச்சோற்றில் புதினாவும் கொத்தமல்லியும் அரைத்துக் கலந்து கொடுங்கள் என்று பதில் வந்திருந்தது. ஒரு சிட்டிகைப் புதினாவால் நாய்க்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. அந்தப் பதிலை நம்பி ஆறு மாதம் சும்மா இருந்துவிடுவதில்தான் கெடுதல். கடலூரிலும் புதுச்சேரியிலும் நாய் வளர்க்கும் எத்தனையோ வீடுகளில் இதே எண்ணம் ஊறிப் போயிருப்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

வயது நாறுவதில்லை. சின்ன வயதிலேயே தொடங்கிவிட்ட ஈறு நோய்க்கு வளர அவகாசம் கொடுப்பது மட்டுமே வயதின் வேலை. நாய்க்கு நிரந்தரப் பற்கள் 42. பல்லைச் சுத்தம் செய்த சில மணி நேரத்திலேயே அதன் மேல் ஊத்தை படியத் தொடங்குகிறது. விரலால் தேய்த்தால் வழவழவென்று வருமே, அதுதான்; முக்கால்வாசி கிருமிகள். துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் காரையாக இறுகிவிடும். நாயின் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. அதனால்தான் நாய்களுக்குச் சொத்தைப் பல் அபூர்வமாகவும் காரை மளமளவென்றும் வருகிறது. காரையின் சொரசொரப்பில் புதிய ஊத்தை ஒட்டி, மெல்ல ஈறுக்கு அடியில் இறங்கும். அங்கே காற்றுப் புகாத இடுக்கில் வாழும் கிருமிகள் உணவுத் துணுக்கிலும் செத்த திசுவிலும் இருக்கும் புரதத்தைச் சிதைத்துக் கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தைல் மெர்காப்டன் என்னும் இவைதான் அந்த அழுகிய முட்டை வாடை. நல்ல வாயில் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. நோய் முற்றிய வாயில் அளவுச் சலாகை 8, 10 மில்லிமீட்டர் வரை தடையில்லாமல் இறங்கும். நாற்றம் பிறப்பது அந்தப் பள்ளத்தின் அடியில். மேலே தூவுவது, தெளிப்பது, தின்னக் கொடுப்பது எதுவும் அங்கே போய்ச் சேராது.

நம் பக்கத்தில் பொமரேனியன் என்ற பெயரில் வளரும் ஸ்பிட்ஸ், ஷிட்சு, பக், டாஷண்ட் போன்ற சின்ன நாய்களுக்கு இது சீக்கிரம் வரும். ராஜபாளையத்தின் நீண்ட தாடையில் தாராளமாக உட்காரும் அதே 42 பல் இவற்றின் விரல் நீளத் தாடையில் நெருக்கியடித்து நிற்கிறது. ஸ்பிட்ஸ் குட்டிகளில் பால் கோரைப்பல் விழாமல் நின்று, புதுக் கோரைப்பல் அதன் பக்கத்தில் ஒட்டி முளைப்பதும் சாதாரணம். அந்த இடுக்கில் சோறு சேரும். ஏழு மாதத்துக்கு மேல் பால் பல் நின்றால், கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே அதையும் எடுக்கச் சொல்லிவிடுங்கள். பால்சோறு, தயிர்ச்சோறு, பாலில் நனைத்த டீக்கடைப் பொறை ஆகியவை பல்லில் அப்பிக்கொள்ளும் என்பது உண்மைதான். அதற்காகக் கடையில் விற்கும் உலர்தீவனம் பல்லைத் தேய்த்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். பல் நுனி பட்டதும் அது பொடிந்துவிடும். ஈறோரத்தைத் தொடுவதே இல்லை.

வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, உதட்டைத் தூக்கிப் பார்ப்பது. வாயைத் திறக்க வேண்டாம். திறக்க முயன்றால் நாய் முரண்டு பிடிக்கும், கடிக்கவும் கூடும். பகல் வெளிச்சம் விழும் ஜன்னல் அருகே நாயைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, ஒரு கையால் தாடையின் அடியைத் தாங்கி, மறு கைப் பெருவிரலால் வாயின் கோடியை மேலும் பின்னுமாக இழுங்கள். மேல்வரிசையில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு பல் தெரியும். மேல் நான்காம் முன்கடைவாய்ப் பல் அது. கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அதற்கு நேராகத் திறப்பதால் காரை முதலில் கட்டுவது அங்கேதான். மஞ்சளா, பழுப்பா, பாதிப் பல்லை மூடிவிட்டதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம் ஈறின் ஓரம். நல்ல ஈறு வெளிர் ரோஜா நிறத்தில், கத்தி முனைபோல் மெலிந்து பல்லோடு ஒட்டியிருக்கும் (சில நாய்களுக்கு இயல்பாகவே கறுப்புத் திட்டுகள் உண்டு). பல்லை ஒட்டிச் சிவப்புக் கோடு இருந்தால் நோய் தொடங்கிவிட்டது. ஈறு உருண்டு தடித்திருந்தால், விரல் பட்டதும் ரத்தம் கசிந்தால், அழுத்தினால் சீழ் வந்தால், பல் வேர் தெரிந்தால் முற்றிவிட்டது. இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் காரை மண்டியிருந்தால், வலியால் நாய் அந்தப் பக்கத்தில் மெல்லுவதையே விட்டுவிட்டது என்று பெரும்பாலும் பொருள்.

"சாப்பாடெல்லாம் நல்லாத்தான் சாப்பிடுது டாக்டர்" என்பதை வைத்து வலி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. பசி வலியைவிடப் பெரிது. பட்டினி கிடக்கும் அளவுக்குப் போகும் நாய் மிகக் குறைவு. பொறையை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போய், கடிக்காமல் நக்கி நக்கி ஊறவைத்துத் தின்னும். தலையைச் சாய்த்து ஒரு பக்கத்திலேயே மெல்லும். வாயிலிருந்து சோறு சிந்தும். மெல்லாமல் விழுங்கிவிட்டு அப்படியே வாந்தி எடுக்கும். முகத்தைத் தடவப் போனால் ஒதுங்கும். கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கி, உடைந்து, ஆறி, மறுபடி வீங்குமானால் அது கண் கட்டி அல்ல. முன்னே சொன்ன அந்தப் பெரிய பல்லின் மூன்று வேர்களில் ஒன்றில் சீழ் கோத்திருக்கிறது. சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டே மாதங்களை ஓட்டும் வீடுகள் உண்டு. தும்மல், ஒரே ஒரு மூக்கில் சீழோ ரத்தமோ வந்தால் மேல் கோரைப்பல்லின் வேர் அரித்து மூக்குக்குள் வழி திறந்திருக்கலாம்.

நாற்றம் வாயிலிருந்துதான் வருகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். நான்கு சின்னக் காஸ் துணிகளை எடுத்து ஒன்றை ஈறோரத்தில், ஒன்றைக் கீழுதட்டு மடிப்பில், ஒன்றைக் காதின் உட்புறத்தில், ஒன்றை ஆசனவாய் ஓரத்தில் தேய்த்துத் தனித்தனியாக முகர்ந்து பாருங்கள். அருவருப்பாகத் தோன்றலாம், பாதிக் குழப்பம் அதோடு தீரும். காக்கர் ஸ்பேனியல் போன்ற தொங்கும் உதட்டு நாய்களுக்கு அந்த மடிப்பில் எச்சில் தேங்கிப் புண்ணாகி நாறும். நம் கடற்கரை ஈரக்காற்றில் இது ஆறவே ஆறாது. அங்கே வேண்டியது மடிப்பைத் தினமும் துடைத்து உலர்த்துவது. கருவியால் காரையை எடுக்கும் பல் ஸ்கேலிங்கால் அது போகாது. ஆசனவாய்ச் சுரப்பி நிரம்பிய நாய் அங்கேயே நக்கிக்கொண்டிருக்கும், அழுகிய மீன் வாடை வாய்க்கு வரும். மலம் தின்னும் பழக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே நாளில் திடீரென்று நாற்றம் வந்தால் ஈறு நோயைவிடச் சிக்கிக்கொண்ட பொருளை முதலில் சந்தேகிக்க வேண்டும். மீன் தலையும் முள்ளும் சோற்றில் பிசைந்து போடுவது நம் கரையோர வழக்கம். மேலண்ணத்தில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே குறுக்காக ஒரு எலும்புத் துண்டு மாட்டிக்கொண்டால், முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், ஜொள்ளு வடியும், இரண்டாம் நாளே நாறும். பல்லில்லாத இடத்தில் கறுப்பாகவோ காலிஃபிளவர் போலவோ தசை வளர்ந்திருந்தால் அது வாய்ப் புற்றாக இருக்கலாம். நாட்டு நாய்களில், இனச்சேர்க்கையாலும் முகர்ந்து நக்குவதாலும் தொற்றும் ஒருவகைக் கட்டி வாயிலும் மூக்கிலும் வருவதுண்டு. அது வின்கிறிஸ்டின் ஊசிக்குப் பெரும்பாலும் கரைந்துவிடும் என்பதால் பயந்து கைவிட வேண்டாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எச்சில் வடிகிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, தண்ணீரை விழுங்க முடியவில்லை, குரைப்பு மாறிவிட்டது, நாய் வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கியோ சீறியோ இருக்கிறது என்றால் "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்று கையை விடாதீர்கள். வெறிநோயில் தசைகள் செயலிழக்கும் வாத வகை அப்படியேதான் தொடங்கும். தடுப்பூசி விவரம் தெரியாத நாய், தெருநாய் என்றால் இன்னும் கவனம். கையை விட்டுவிட்டவர்கள் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாயைத் தாண்டிய காரணங்களில் வயதான நாய்க்கு முதலில் வருவது சிறுநீரகம். வாடையே வேறு மாதிரி இருக்கும்: கந்தகம் அல்ல, அமோனியா, மூத்திர நெடி. நாக்கின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண் இருக்கும். நாய் அதிகம் குடிக்கும், அதிகம் பெய்யும், மெலியும். தண்ணீரை அளந்து பார்க்கலாம். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, மற்ற பாத்திரங்களை எடுத்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் மீதியை அளந்து கழியுங்கள். ஒரு நாளில் உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால், அதாவது 10 கிலோ நாய் ஒரு லிட்டரைத் தாண்டினால், அது நோய்க்குறி. கத்திரி வெயிலில் கொஞ்சம் கூடும் என்பதால் ஒரு நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்து மூன்று நாள் பாருங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருள் கூடுவது, சிறுநீரகத்தின் ஏறக்குறைய முக்கால் பங்கு வேலை நின்ற பிறகுதான். எனவே காலையில் போகும் முதல் சிறுநீரையும் சுத்தமான கரண்டியில் பிடித்துக் கொண்டுபோய் அடர்த்தி பார்க்கச் சொல்லுங்கள். பழம் அழுகினாற்போல் இனிப்பு வாடை வந்து, நாய் சோர்ந்து, வாந்தியும் எடுத்தால் சர்க்கரை நோய் முற்றியிருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டிய அவசரம் அது.

இனி, நம் ஊர்களில் அதிகம் நடக்கும் தவறு. மருந்துக் கடையில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி ஐந்து நாள் கொடுக்கிறார்கள். நாற்றம் போய்விடுகிறது. மருந்தை நிறுத்திய இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறது. மறுபடி ஐந்து நாள். ஈறுக்கு அடியில் உள்ள காரை ஒரு துளிகூடக் கரையாமல், கிருமி மட்டும் தற்காலிகமாகக் குறைந்து மீண்டும் வளர்வதால் வரும் விளைவு இது. ஒவ்வொரு சுற்றிலும் பல்லைத் தாங்கும் எலும்பு இன்னும் கொஞ்சம் கரையும், கிருமியும் மருந்துக்குப் பழகும். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது என்பது தனிக் கதை. சீழ் கோத்திருந்தாலோ இதய நோய் இருந்தாலோ பல் சுத்தத்துக்கு முன்னும் பின்னும் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். சுத்தம் செய்வதற்குப் பதிலாக அது நிற்க முடியாது.

சுத்தம் என்றால் முழு மயக்கத்தில் செய்யும் ஸ்கேலிங். இப்போது சில குரூமிங் கடைகளிலும் வீட்டுக்கே வரும் வண்டிகளிலும் மயக்கமில்லாமல் பல் சுத்தம் செய்து தருகிறார்கள். நாயைத் துண்டில் சுற்றி இருவர் அமுக்கிப் பிடிக்க, ஒருவர் கொக்கிக் கருவியால் வெளியே தெரியும் காரையைச் சுரண்டி எடுக்கிறார். பல் வெள்ளையாகிவிடுவதால் வீட்டாருக்குத் திருப்தி. ஈறுக்கு அடியில் எதுவும் நடக்கவில்லை. பற்களின் உட்புறத்தைத் தொடவே இல்லை. நாயின் எனாமல் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. அதில் விழுந்த கீறலை மெருகேற்றாமல் விட்டால் ஊத்தை முன்பைவிட வேகமாக ஒட்டும். அசையும் நாயின் வாயில் கூர்க்கருவி வழுக்கினால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. நகவெட்டியாலும் சாவி முனையாலும் வீட்டிலேயே காரையை நெம்புகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

முறையான ஸ்கேலிங்கில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் மருத்துவமனையில் சரியான கேள்வி கேட்க முடியும். முதல் கேள்வி, மூச்சுக் குழாயில் டியூப் போடுவீர்களா என்பது. ஸ்கேலர் கருவி நுனி நொடிக்குப் பல்லாயிரம் தடவை அதிர்ந்து, கூடவே தண்ணீரைப் பீய்ச்சுகிறது. காரைத் தூளும் கிருமியும் கலந்த அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்காமல் தடுப்பது டியூபைச் சுற்றி ஊதிய பலூன்தான். வெறும் ஊசி மயக்கத்தில், டியூப் இல்லாமல் செய்தால் நிமோனியாவுக்கு வழி. இரண்டாவது, முன்னங்காலில் ஊசிக்குழாய் குத்திக் குளுக்கோஸ் போன்ற திரவம் ஏற்றுவீர்களா, மயக்கத்தைக் கவனிக்க வேலை செய்பவரைத் தவிர இன்னொரு ஆள் இருப்பாரா என்பது. மூன்றாவது, ஒவ்வொரு பல்லையும் சலாகை வைத்து அளந்து குறிப்பீர்களா என்பது. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்த பிறகு பாலிஷ் போட வேண்டும். அதை விட்டுவிடும் இடங்கள் உண்டு. பல் எக்ஸ்ரே வசதி இருந்தால் நல்லது. பல்லின் பெரும்பகுதி வேராக ஈறுக்குள் இருப்பதால் வெளியே அழகாகத் தெரியும் பல்லும் உள்ளே கெட்டிருக்கலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் சாதாரண எக்ஸ்ரேயைச் சாய்த்து எடுத்தாலும் வேர்ச் சீழைக் கண்டுபிடிக்கலாம்.

"பன்னிரண்டு வயசாச்சு, மயக்க மருந்தைத் தாங்குமா?" என்ற பயம் நியாயமானது. வயது மட்டும் மயக்கத்துக்குத் தடை இல்லை. கண்டுபிடிக்காத நோய்தான் தடை. முன்கூட்டியே முழு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, கிரியாட்டினின், யூரியா, கல்லீரல் நொதிகள், சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் ஒன்றைக் கூடுதலாக வலியுறுத்துவோம்: தட்டணுக்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சர்வசாதாரணம். அது நாள்பட்டு ஒளிந்திருக்கும் நாய்க்குத் தட்டணு குறைந்திருக்கும். பல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது. ஈறில் தானாகவே ரத்தம் கசிந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அந்தச் சோதனை முடியும் வரை பல்லில் கை வைக்கக் கூடாது. சின்ன இன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு ஒழுக்கு வருவது வழக்கம் என்பதால் மார்பு எக்ஸ்ரேயோ எக்கோவோ கேட்பார்கள், அலுத்துக்கொள்ளாமல் எடுங்கள். முந்தின இரவு பத்து மணியோடு சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் காலை வரை இருக்கட்டும். சர்க்கரை நோய் நாய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் தனியாகச் சொல்வார். தண்ணீர் பட்டுக்கொண்டே ஒன்றிரண்டு மணி நேரம் மேசையில் கிடப்பதால் கிழட்டு நாயின் உடம்பு சூடு விறுவிறுவென்று இறங்கும். ஏசி அறையில் இது இன்னும் மோசம். உலர்ந்த துண்டு இரண்டு கொண்டுபோய்க் கொடுங்கள், சிரிக்க மாட்டார்கள்.

பல் பிடுங்க வேண்டும் என்று சொன்னால் பதற வேண்டாம். ஆடும் பல்லையும் பாதிக்கு மேல் எலும்பு கரைந்த பல்லையும் காப்பாற்றுகிறேன் என்று வைத்திருப்பதுதான் நாற்றத்தை வைத்திருப்பது. மூன்று வேர்ப் பல்லை டிரில்லால் மூன்றாக அறுத்து ஒவ்வொரு வேராக எடுத்து, ஈறை இழுத்துத் தைப்பார்கள். தையல் தானே கரையும். அறுக்காமல் முறுக்கி இழுத்தால் வேர் முறிந்து உள்ளேயே தங்கும், ஆறு மாதம் கழித்து மறுபடி வீங்கும். சின்ன நாய்களின் கீழ்த்தாடை எலும்பு நோயில் கரைந்து மெலிந்திருந்தால் தாடையே முறியும் ஆபத்து உண்டு; பிடுங்குவதற்கு முன் எக்ஸ்ரே கேட்பது அதற்குத்தான். இரண்டு வாரம் குழைந்த சோறும் அரைத்த கோழியும் போதும். எலும்பு, கயிறு, பந்து எதுவும் கொடுக்கக் கூடாது. மொத்தப் பல்லும் போன நாய்கூடக் குழைத்துக் கொடுத்தால் வயிறாரச் சாப்பிடும். வலி போனதால் முன்பைவிட நன்றாகவே சாப்பிடும். வலி மருந்து மருத்துவர் கொடுத்ததை மட்டும் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் உடைத்துக்கூடக் கொடுக்கக் கூடாது.

ஸ்கேலிங் முடிந்த அன்றே ஊத்தை படியத் தொடங்கிவிடும். தினமும் துலக்காவிட்டால் செலவு செய்த பணம் ஓராண்டில் வீண். இங்கேதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள், காரணம் அவசரம். முதல் நாளே பிரஷ்ஷை வாயில் திணித்தால் நாய்க்கு ஜென்மத்துக்கும் பிரஷ் ஆகாது. பல் பிடுங்கியிருந்தால் புண் ஆற இரண்டு வாரம் விட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் வாரம் முழுக்க வெறும் விரல்: உப்பும் வெங்காயமும் பூண்டும் போடாத கோழி வேகவைத்த தண்ணீரில் விரலைத் தோய்த்து, உதட்டின் உள்ளே ஈறோரமாக நான்கைந்து நொடி ஓட்டி, உடனே ஒரு துண்டு கறி கொடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு என்றால் நாயே வந்து உட்காரும். அடுத்த வாரம் விரலில் காஸ் துணி சுற்றி அதையே செய்யுங்கள். மூன்றாவது வாரம் பிரஷ். குழந்தைகளுக்கான மிக மென்மையான பிரஷ் போதும். தனியாக வாங்க வேண்டியதில்லை. தூரிகை முனை பாதி ஈறிலும் பாதிப் பல்லிலும் படுமாறு 45 பாகை சாய்த்து, சின்னச் சின்ன வட்டமாக ஓட்ட வேண்டும். வாயை மூடியே வைத்துக்கொண்டு கன்னத்துக்குள் பிரஷ்ஷை விடுங்கள். உட்புறத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும், வெளிப்புறம்தான் முக்கியம். மேல் பின்வரிசையில் தொடங்குங்கள், ஏனென்றால் நாய் பொறுமையிழந்து எழுந்தாலும் அதிகம் கெடும் பல் முடிந்திருக்கும். பக்கத்துக்கு 30 நொடி போதும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது கடைசி எல்லை. வாரம் ஒரு முறை துலக்குவது துலக்காததற்குச் சமம். அதற்குள் ஊத்தை இறுகிவிடும், பிரஷ்ஷுக்கு அது மசியாது. ஈறு சிவந்து வலிக்கும் வாயில், ஸ்கேலிங் செய்யாமல், பிரஷ்ஷைத் தொடங்காதீர்கள்.

பேஸ்ட் நாய்களுக்கென்று விற்பதாகவே இருக்க வேண்டும். பட்டாணி அளவு போதும், பேஸ்ட் இல்லாவிட்டாலும் மோசமில்லை. வேலை செய்வது தூரிகை. நாம் துலக்கும் பேஸ்ட்டை நாய் துப்பாது, விழுங்கும். அதில் இருக்கும் ஃபுளோரைடும் நுரைப் பொருளும் வயிற்றைக் கெடுக்கும். சைலிட்டால் இருந்தால் அது விஷம். சர்க்கரை அளவு சரேலென்று இறங்கி வலிப்பு வரும், கல்லீரலும் பழுதாகலாம். சர்க்கரையில்லாத சூயிங்கம், சில மவுத்வாஷ்களிலும் இது உண்டு, பாட்டிலைப் படித்துப் பாருங்கள். நாய்களுக்குப் பரிந்துரைக்கும் குளோர்ஹெக்ஸிடின் கழுவுநீர் 0.12 சதவீதம்; நம் மருந்துக் கடைகளில் மனிதர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 0.2 சதவீதம். மருத்துவர் சொன்ன அளவிலும் நாட்களுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள், நாள்பட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். பேஸ்ட்டோடு சேர்ந்தால் அதன் வீரியம் போய்விடும் என்பதால் இரண்டுக்கும் நடுவே அரை மணி இடைவெளி வேண்டும். பல்பொடி, உப்பு, அடுப்புக்கரி, ஆப்பசோடா, கிராம்புத் தைலம் ஒன்றும் வேண்டாம். ஆலும் வேலும் நம் பல்லுக்கு உறுதி. நாய் அந்தக் குச்சியை மென்று சிம்பை விழுங்கும்.

மெல்லக் கொடுப்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது: கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். நல்லி எலும்பு, காய்ந்த மாட்டுக் குளம்பு, கொம்பு, சல்லிக்கல் எல்லாம் இதில் தோற்கும். அந்தப் பெரிய கடைவாய்ப் பல் செதில் செதிலாகப் பிளந்து உள்ளிருக்கும் பற்கூழ் வெளியே தெரிய இவைதான் காரணம். கடையில் வாங்கும் மெல்லும் பண்டத்தில் வி.ஓ.எச்.சி. (கால்நடை வாய்நல மன்றம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஊத்தையையோ காரையையோ குறைப்பதாகச் சோதனையில் காட்டிய பொருளுக்குத் தரப்படுவது அது. நாற்றம் போக்கும் என்று தண்ணீரில் கலக்கும் பொடிகள் பலவற்றில் அந்த முத்திரை இருக்காது.

கடைசியாக நிர்வாகத்தின் பார்வைக்கு ஒன்று. குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருப்பது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நல்வாய்ப்பு. கிராமப்புற அரசு கால்நடை மருந்தகங்களோ மாட்டையும் ஆட்டையும் மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. அங்கே வாயு மயக்கக் கருவியும் ஸ்கேலரும் எதிர்பார்ப்பது சரியல்ல. மாவட்டத் தலைநகர் மருத்துவமனை ஒன்றிலாவது மாதம் ஒரு நாள் நாய், பூனைகளின் பல் சிகிச்சைக்கென்று ஒதுக்கினால் பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரத்துக்காரர்கள் சென்னை வேப்பேரி வரை வயதான நாயைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. செலவே இல்லாத இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு செப்டம்பர் 28-ஆம் தேதியும் உலக வெறிநோய் தினத்தை ஒட்டி இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. ஊசி போடும்போதே, அமைதியான நாய்களுக்கு இரண்டு பக்க உதட்டையும் தூக்கிப் பார்த்து, தடுப்பூசி அட்டையில் ஈறு நலம், காரை, ஆடும் பல் என்ற மூன்றில் ஒன்றைக் குறித்துக் கொடுக்கலாம். அரை நிமிட வேலை. அட்டையில் அதற்கென ஒரு கட்டம் அச்சிடுமாறு தமிழ்நாடு, புதுச்சேரி ஆகிய இரு அரசுகளின் கால்நடைத் துறைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறுபிராணி மருத்துவம் பார்க்கும் இருவர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி – மஞ்சக்குப்பம், கடலூர்.